இரு முகப் பலகையின் இணைப்பு

யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலி அடைக்கப்படுவதைக் கண்டவர்கள் ஒன்றை அறிவார்கள். அது தனியொருவர் செய்து முடிக்கும் வேலையன்று. வளவுக்குள்ளே ஒருவர் நிற்க வேண்டும். ஒழுங்கைப் பக்கத்தில் மற்றொருவர் நிற்க வேண்டும். உள்ளே நிற்பவர் குத்தூசியிற் கயிற்றைக் கோத்து ஓலைக்கூடாகச் செலுத்துவார். வெளியே நிற்பவர் அதனை வாங்கிக் குறுக்கு மட்டையைச் சுற்றி மீண்டும் உள்ளே தள்ளுவார். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. "இன்னும் கொஞ்சம் கீழை", "இந்தா வருகுது, பிடி" என்னும் குரல்களைக் கொண்டே ஊசி வெளிவரும் இடத்தை அறிகின்றார்கள். வேலியின் இரு பக்கமும் எத்துணை அழகாக வரியப்பட்டிருப்பினும், ஊடே செல்லும் கயிறு ஓரிடத்தில் அறுந்துவிட்டால் அடுத்த சோளகத்தில் அந்த ஓலை பறந்துவிடும்.

நேயர்களே, இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட செய்தியும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இங்கே வேலி ஓலையாலானதன்று. உள்ளங்கை அளவான ஒரு பலகை. அதன் இரு முகங்களிலும் மெல்லிய செப்புத் தடங்கள் ஓடுகின்றன. வானொலிப் பெட்டி முதல் கைபேசி வரை இன்றைய மின்னணுக் கருவிகள் யாவற்றினுள்ளும் இத்தகைய பலகை ஒன்று இருக்கின்றது. அதனை அச்சுச் சுற்றுப்பலகை என்பர். ஒரு முகத்துத் தடத்தை மறு முகத்துத் தடத்தோடு இணைப்பது எவ்வாறு என்னும் கேள்வி தொழிற்சாலைகளில் ஒருவாறு தீர்ந்துபோன கேள்வி. வீட்டில், கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு பலகை செய்கின்ற மாணவனுக்கோ அது இன்னும் தீராத கேள்வி.

வரலாறும் தமிழும் படித்துப் பட்டம் பெற்ற ஒருவன், திருநெல்வேலியில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருப்பவன், இதனைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். எனக்குப் பாடம் நடத்தியவை ஒரு பழைய வானொலிப் பெட்டியும் ஒரு மாணவனும் ஆகும். இரண்டையும் பின்னர்ச் சொல்வேன்.

முதலில், பலகைக்கு இரண்டு முகம் எதற்கு? மூன்று வீடுகளும் மூன்று கிணறுகளும் உள்ளன என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பாதை வேண்டும். ஆனால் எந்தப் பாதையும் மற்றொன்றை வெட்டலாகாது. தாளில் வரைந்து பாருங்கள். எட்டுப் பாதைகள் வரை வரையலாம். ஒன்பதாவது பாதை ஏதோவொன்றை வெட்டியே தீரும். இது நம் திறமைக் குறைவன்று. சமதளத்தின் இயல்பு என்று கணித அறிஞர்கள் நிறுவியுள்ளனர். மின்சுற்றிலும் இவ்வாறே. உறைபோட்ட கம்பிகளாயின் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் செல்லலாம். பலகையில் ஒட்டிய வெறுஞ்செப்புத் தடங்கள் ஒன்றையொன்று தொட்டால் சுற்றுக் கெட்டுவிடும். ஆகவே வெட்டவேண்டிய பாதையை ஒரு துளையின் வழியே பலகையின் பின்புறத்திற்கு இறக்கி, அப்பாற் சென்று மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். அந்தத் துளையே நம் கதையின் நாயகன்.

இக்கருத்து மிகப் பழையது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1903ஆம் ஆண்டிலேயே அல்பேர்ட் ஹான்சன் என்னும் ஜேர்மானியர் பிரித்தானியாவில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தொலைபேசி நிலையங்களிற் குவிந்து கிடந்த கம்பிக் காடுகளைக் குறைப்பது அவர் நோக்கம். மெழுகூட்டிய தாளில் தட்டையான உலோகக் கீற்றுக்களை ஒட்டுவது, தாளின் இரு புறத்திலும் ஒட்டுவது, துளைகளின் வழியே இரு புறத்தையும் தொடர்புபடுத்துவது ஆகிய மூன்றும் அவர் விவரிப்பில் இருந்தன. திரான்சிற்றர் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கொழும்பில் எட்வேட் ஹாப்பர் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிய 1925ஆம் ஆண்டுக்கும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. விதை விழுந்தது, முளைக்கும் பருவம் வரவில்லை.

முளைக்கச் செய்தவர் என்று உலகம் ஏற்றுக்கொண்டவர் போல் ஐஸ்லர். இவர் 1907இல் வியன்னாவிற் பிறந்த யூதர். பொறியியல் பட்டம் பெற்றும் இனவெறுப்பின் காரணமாகத் தக்க தொழில் கிடைக்காதவர். வானொலி பற்றிய ஒரு வார ஏட்டில் வேலை செய்தபோது அச்சுக்கலையைக் கற்றுக்கொண்டார். கதவு அடைபட்ட இடத்தில் வேறொரு கதவு திறந்தது என்பார்களே, அது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று. 1936இல் இலண்டனுக்கு வந்து, ஹாம்ஸ்ரெட் பகுதியில் ஒரு விடுதி அறையிலிருந்துகொண்டு, கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் அச்சுக்கலை முறையாற் பொறித்த தடங்களைக் கொண்ட வானொலிப் பெட்டியொன்றைச் செய்தார். செப்பு முழுவதையும் ஒட்டிவிட்டு, வேண்டாத பகுதியை அமிலத்தால் அரித்து நீக்குவது அவர் முறை. அச்சுத் தொழிலாளர் படம் பொறிக்கக் கையாண்ட அதே உத்தி.

பெரிய வானொலித் தொழிற்சாலை ஒன்றிடம் அவர் இதனைக் காட்டினார். கம்பி இணைக்கும் வேலையைப் பெண்பிள்ளைகள் செய்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கும் கூலி குறைவு, வேலையை எப்படியும் மாற்றிக்கொள்ளலாம் என்று கூறி அவர்கள் மறுத்துவிட்டனராம். புதுமையை மறுத்தவர்களை நாம் ஏளனம் செய்வது எளிது. ஆனால் அவர்கள் சொன்னது பொய்யன்று. அற்பக் கூலிக்கு மனிதக் கை கிடைக்கும் இடத்தில் இயந்திரத்துக்கு வேலை இல்லை. யுத்தம் வந்த பின்னரே நிலைமை மாறியது. 1940இல் அந்நிய பகைநாட்டவர் என்று ஐஸ்லரையே தடுப்புமுகாமில் அடைத்தது பிரித்தானிய அரசு. விடுதலையான பின் இசைத்தாள் அச்சிடும் ஒரு நிறுவனத்தின் துணையோடு அவர் தம் முறையை வளர்த்து, 1943இற் காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்தார். இசைத்தாள் அச்சிட்ட இடத்திலே மின்சுற்று அச்சாயிற்று என்பது நினைக்க இனிமையாக இருக்கின்றது.

அதே காலத்தில் அமெரிக்காவில், இலக்கை அணுகியதும் தானே வெடிக்கும் குண்டுத் திரிகளுக்காக, சுட்ட களிமண் போன்ற தட்டுக்களில் வெள்ளிக் குழம்பால் தடங்களை அச்சிட்டனர். யுத்தம் முடிந்ததும் 1947இல் ஜோன் சார்குரோவ் என்பவர் பிரித்தானியாவில் ஒரு விந்தை இயந்திரத்தைக் காட்டினார். பள்ளங்கள் வார்க்கப்பட்ட பேக்லைட்டுப் பலகை ஒரு முனையில் நுழையும். அதன் இரு முகங்களிலும் உருகிய நாகம் தூவப்படும். மேற்பரப்பைத் தேய்த்தெடுத்தபின் பள்ளங்களில் மட்டும் நாகம் எஞ்சும். ஏறத்தாழ இருபது வினாடிக்கு ஒரு பலகை மறுமுனையில் வெளிவரும். எளிய மக்கள் வாங்கத்தக்க மலிவான இரண்டு வால்வு வானொலிப் பெட்டிகளைச் செய்வதற்கென்றே அது எண்ணப்பட்டது. அந்த முயற்சி வணிகத்தில் நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் நம் பாட்டன்மார் வீடுகளுக்கு வானொலி பத்து ஆண்டுகள் முந்தியே வந்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு.

1949இல் அமெரிக்க இராணுவத்தின் தொடர்பாடற் பிரிவைச் சேர்ந்த டான்கோ, ஏபிரம்சன் ஆகிய இருவர், உறுப்புகளின் கால்களைத் துளைகளுக்கூடாக விட்டு, பலகையின் அடிமுகத்தை உருகிய பற்றாசிலே தோய்த்து, அனைத்து இணைப்புகளையும் ஒரே மூச்சில் முடிக்கும் முறையை அறிவித்தனர். ஒரு முகப் பலகைக்கு அது போதும். இரு முகப் பலகைக்கோ துளையின் சுவர் குறுக்கே நின்றது. செப்பு மேலும் கீழும் இருக்கின்றது. நடுவே ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குப் பிசினும் நாரும். மின்சாரத்துக்கு அது கடல்.

இக்கடலைத் தாண்ட 1950களிலே பல பாலங்கள் போடப்பட்டன. சப்பாத்துக் கயிறு கோக்கும் துளைகளில் உலோக வளையங்கள் இருக்குமன்றோ? அவை போன்ற சிறு குழாய்களைத் துளைக்குள் விட்டு, இருபுற விளிம்பையும் மடித்து, பற்றாசு வைத்தனர். பார்ப்பதற்கு உறுதியாக இருந்த இவை நாட்பட நாட்படக் கைவிட்டன. காரணம் வெப்பம். பலகையின் பிசின் சூடேறும்போது தடிப்புத் திசையிற் செப்பைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாக விரிகின்றது. பெட்டி சூடாவதும் ஆறுவதுமாக இருக்க, மடித்த விளிம்புக்கும் செப்புத் தடத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். தட்டினால் வேலை செய்யும், விட்டால் ஓய்ந்துவிடும். வானொலிப் பெட்டியின் தலையில் அடித்துப் பாட வைத்த காலம் ஒன்று நம் எல்லார் வீட்டிலும் இருந்ததே, அந்த அடிகளுட் சில இத்தகைய வெடிப்புகளுக்கு விழுந்தவை என்று துணிந்து சொல்லலாம். அமெரிக்காவில் செனித் நிறுவனம் தன் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அச்சுச் சுற்றே இல்லை, யாவும் கையால் இணைத்தவை என்று பல ஆண்டுகள் பெருமையாக விளம்பரம் செய்தது.

குழாயைவிட எளியதொரு பாலமும் இருந்தது. வெறுங்கம்பி. துளைக்கூடாக ஒரு கம்பியை விட்டு, மேல்முகத்தில் ஒரு பக்கமும் கீழ்முகத்தில் மறுபக்கமுமாக மடக்கித் தடத்தோடு படியவைத்து, இரு புறமும் பற்றாசு பிடிப்பர். மடங்கிய கம்பி சற்றே நெகிழ்ந்து கொடுப்பதால் பிசின் விரிந்தாலும் இணைப்பு அறுவதில்லை. 1960களில் விண்வெளிக் கருவிகளுக்கு வகுத்த அமெரிக்க விதிமுறைகளிலும் இக்கம்பி இணைப்பு இடம்பெற்றிருந்தது. வீட்டில் பலகை செய்யும் மாணவன் வேறு வழியின்றிக் கையாளும் முறை, ஒருகாலத்தில் வானத்துக்குச் சென்ற முறை என்பதை அவனிடம் சொல்லும்போது அவன் முகம் மலர்வதை நான் கண்டிருக்கிறேன்.

துளையின் சுவரையே செப்பாக்கிவிடுவது இறுதியாக வென்ற முறை. 1953 அளவில் மோட்டோரோலா நிறுவனம் துளைச்சுவரில் மின்முலாமிட்ட இரு முகப் பலகையை உருவாக்கியது. 1961இல் ஹேசல்டைன் நிறுவனம் முலாமிட்ட துளைகளால் பல அடுக்குகளை இணைக்கும் முறைக்குக் காப்புரிமை தேடியது. இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மின்முலாமிட வேண்டுமாயின் அப்பொருள் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். துளைச்சுவரோ கடத்தாத பிசின். ஆகவே முதலில் வெள்ளீய உப்பும் பல்லேடியம் என்னும் அரிய உலோகத்தின் உப்புமாகிய கரைசல்களில் தோய்த்து, சுவரிற் கண்ணுக்குத் தெரியாத பல்லேடியப் பொடிகளைப் படியவைப்பர். அடுத்து, மின்சாரமின்றியே செப்பைப் படியவைக்கும் ஓர் இரசாயனக் குளியல். அப்பொடிகளைப் பற்றிக்கொண்டு செப்பு மெல்லிய படலமாக வளரும். அதன் பின்னரே மின்முலாம். அது ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு தடிப்புவரை ஏறும். உறையிட்ட பால் தயிராவது போலத்தான்; உறை இல்லாவிட்டால் எவ்வளவு பால் இருந்தும் பயனில்லை. அந்த உறை, அதாவது பல்லேடியம், வீட்டு மாணவனுக்கு விலையாலும் கிடைப்பாலும் எட்டாத பொருள்.

இனி என் வானொலிப் பெட்டிக்கு வருகிறேன்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் அரிதாயிற்று, ஜாம் போத்தலிற் பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயில் எரியும் விளக்கிலே பிள்ளைகள் படித்தார்கள். மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. அப்பொழுது மக்கள் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவை வானொலியோடு இணைத்து, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற மற்றவர்கள் செய்தி கேட்டார்கள். டைனமோ தருவது ஆறு வோல்ற்று; நான்கு மின்கலம் போடும் பெட்டிக்கு வேண்டியதும் ஆறு வோல்ற்று. டைனமோவின் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்க நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் போதும். இந்தப் பொருத்தம் தெய்வாதீனம் என்றே எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் நம்பினோம்.

நான் அப்பொழுது திருநெல்வேலியிலே, முன்னர்ப் பரமேசுவராக் கல்லூரி இருந்து 1974இல் பல்கலைக்கழக வளாகமாக மாறிய அந்த நிலத்திற் கலைப்பீட மாணவன். மாலையானால் எங்கள் வீட்டு விறாந்தையில் இருபது பேர் கூடுவார்கள். இலண்டனிலிருந்து வரும் தமிழோசையைக் கேட்டபின்பே இராச்சாப்பாடு. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்தது, கொழும்பிலே படிக்கும் பிள்ளை வரக்கூடுமா என்பவை எல்லாம் அந்தப் பெட்டியின் வாயிலிருந்தே வரவேண்டும். ஒரு நாள் அது வாயை மூடிக்கொண்டது.

சந்தைக்கு அண்மையில் வானொலி திருத்துபவர் ஒருவர் இருந்தார். மின்சாரம் இல்லாமையால் அவர் செப்பு முனையுள்ள பழைய பற்றுக்கோலைச் சிரட்டைக் கரித் தணலில் வைத்துச் சூடேற்றுவார். பெட்டியைத் திறந்து, பலகையைப் பெருவிரல்களால் மெல்ல வளைத்தார். பேச்சு வந்தது. விட்டார், நின்றது. "தம்பி, இது இரண்டு பக்கமும் செம்புள்ள தட்டு. மேலையிருந்து கீழை போற வழி ஒண்டு அறுந்திருக்கு" என்றார். எந்த வழி என்பதுதானே கேள்வி? பலகையில் அத்தகைய துளைகள் முப்பதுக்கு மேல் இருந்தன. சோதிப்பதற்கு அவரிடமிருந்த பல்மானியில் மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. அதற்காக அவர் கலங்கவில்லை. பழைய கம்பியொன்றின் இழைகளைப் பிரித்து, துளைகள்தோறும் ஓர் இழையை நுழைத்து, இரு புறமும் மடித்து, தணலிலிருந்து கோலை எடுத்தெடுத்துப் பற்றவைத்தார். குற்றவாளி எவன் என்று விசாரிக்க நேரமில்லை, எல்லாருக்கும் காவல் போட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். மூன்று மணித்தியாலம் பிடித்தது. பணம் வாங்கவில்லை, அன்றைய செய்தியைக் கேட்டுவிட்டுப் போவதாகச் சொல்லி எங்களோடு வந்தார். சைக்கிளையும் அவரே சுற்றினார்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே எழுந்து நடந்த இரவில், எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட பொருள்கள் மிகச் சில. அவற்றுள் அந்தப் பெட்டியும் ஒன்று. மழையில் நனைந்தும் அது கெடவில்லை. திருத்தியவர் அந்த நடையிற் பிரிந்தார். பின்னர் அவரை நான் காணவில்லை.

மற்றைய ஆசான் என் மாணவன். 2013இல் உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தபின் எங்கள் பாடசாலைகளிற் பற்றுக்கோல் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெருகினார்கள். கிணற்று நீரின் உப்புத்தன்மையை அளக்கும் ஒரு கருவியைப் போட்டிக்குச் செய்ய விரும்பினான் அவன். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. அளவுக்கு மேல் இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறும். அவனுடைய தந்தையார் தோட்டக்காரர். வெங்காயத்தின் நுனி கருகத் தொடங்கிய பின்பே நீர் உவர்த்ததை அறிபவர். முன்கூட்டியே அறிய வேண்டும் என்பது மகனின் எண்ணம். நீரில் இரண்டு உலோகக் கோல்களை விட்டு மின்சாரம் எவ்வளவு செல்கின்றது என்று பார்க்க வேண்டும். நேரோட்டம் விட்டால் நீர் மின்பகுப்படைந்து அளவு பிழைக்கும். ஆகவே திசை மாறி மாறி ஓடும் மின்சாரம் வேண்டும். அதற்கான சுற்றை அவன் வரைந்தபோது தடங்கள் ஒன்றையொன்று வெட்டின. பலகைக்கு இரண்டு முகம் வேண்டியதாயிற்று.

அது 2022ஆம் ஆண்டு. சாதாரண காலமாயின் படத்தைச் சீனத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், துளைச்சுவரில் முலாமிட்ட பலகை சில வாரங்களில் வீடு வந்து சேரும். அவ்வாண்டு நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. ஆகவே பலகை வீட்டிலேயே செய்யப்பட்டது. லேசர் அச்சுப்பொறியிற் படத்தை மழமழப்பான தாளில் எடுத்து, செப்பின்மேல் வைத்து, மின்சாரம் உள்ள வேளை பார்த்து ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்துவான். மை செப்பில் ஒட்டிக்கொள்ளும். பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலிலே போட்டால் மை மூடாத செப்புக் கரைந்து போகும்.

ஒரு முகம் இலகு. இரண்டாம் முகம் முதலாம் முகத்தோடு நேராக நிற்க வேண்டும். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் துளை தடத்தை விட்டு வெளியே போய்விடும். முதற் பலகை இவ்வாறே கெட்டது. பின்பு இரு தாள்களையும் யன்னல் வெளிச்சத்திற் பிடித்து, துளைப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பொருத்தி, மூன்று ஓரங்களை ஒட்டி, கடித உறைபோல ஆக்கி, அதனுள் பலகையைச் செருகி இரு புறமும் அழுத்தினான். வேலியின் இரு பக்கத்தில் நிற்பவர்களை அவன் ஒரே உறைக்குள் நிறுத்திவிட்டான்.

இணைப்புத் துளைகள் இருபத்திரண்டு. கம்பி வாங்கக் காசு செலவாகவில்லை. தடையிகளைப் பொருத்தியபின் வெட்டி எறியும் கால்கள் கம்பியாயின. சில இடங்களில் தனிக் கம்பியும் வேண்டியிருக்கவில்லை. தடையியின் காலே துளைக்கூடாகப் போகிறதன்றோ? அதனை மேலும் கீழும் பற்றவைத்தால் அதுவே பாலம். இந்தச் சிக்கனம் அவனை ஏமாற்றியது. தடையியின் காலுக்கு மேற்புறத்திற் பற்றுக்கோல் எட்டும். ஐ. சி. பொருத்தும் தாங்கியோ பலகையில் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில் இருக்கும் கால்களுக்கு மேற்புறத்தில் எதுவும் எட்டாது. உருளைக் கொள்ளளவிகளும் அப்படியே. தொழிற்சாலைப் பலகையிற் கீழே வைக்கும் பற்றாசு முலாமிட்ட சுவர் வழியே தானாக மேலேறிவிடும். வீட்டுப் பலகையிற் சுவர் வெறும் பிசின், பற்றாசு ஏறாது. அவனோ தாங்கியின் இரண்டு கால்களுக்கு மேல்முகத்தில் தடம் வரைந்திருந்தான். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு கருவி இயங்கவில்லை.

அவனுடைய ஆசிரியர் விடுமுறையில் இருந்தார். அதிபரின் அறைக்கு வந்து பலகையை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். எனக்குச் சுற்றுப் புரியவில்லை. ஆனால் பெருவிரல்களால் பலகையை மெல்ல வளைக்கத் தெரியும். வளைத்தேன். காட்டியில் ஓர் எண் தோன்றி மறைந்தது. தாங்கியின் கால் மேல்முகச் செப்பைச் சற்றே உரசிச் செல்கின்றது, பற்றவில்லை என்பதை அவன் அந்தக் கணத்தில் விளங்கிக்கொண்டான். தாங்கியைக் கழற்றினால் தடம் உரிந்துவிடும். அதற்குப் பதிலாக அவ்விரு தடங்களையும் கத்தி முனையால் வெட்டி, தாங்கிக்கு வெளியே இரண்டு புதிய துளைகள் இட்டு, கம்பி நுழைத்து, கீழ்முகத்து வழியாகவே கால்களைச் சேர்த்தான். மின்வெட்டு முடிய இரவு பத்து மணியாயிற்று. பற்றுக்கோல் சூடேறும்வரை பலகையைக் கைவிளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். கம்பி நுழைந்த துளைகள் கறுப்பாகத் தெரிந்தன. ஒன்றில் மட்டும் ஒளி புகுந்தது. அந்தத் துளைக்குக் கம்பி விடவே அவன் மறந்துபோயிருந்தான்.

கரைசலைப் பற்றியும் ஒரு சொல். தீர்ந்துபோன பெரிக்குக் குளோரைட்டில் கரைந்த செப்பு இருக்கின்றது. அதனைக் கிணற்றடியில் ஊற்றப் போனவனை நான் தடுத்தேன். "முந்திரிகைத் தோட்டத்துக்குச் செம்பு மருந்து அடிக்கிறார்களே, ஐயா" என்றான். நியாயமான கேள்விதான். அங்கே சுண்ணாம்போடு கலந்து மெல்லியதாக இலைமேல் தூவுகிறார்கள். இங்கே ஒரு போத்தலை ஓரிடத்திற் கவிழ்க்கப் பார்த்தான். எங்கள் சுண்ணாம்புக் கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே ஊற்றியது எந்தக் கிணற்றில் எழும் என்று யாரும் சொல்ல முடியாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தியை 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாம் எல்லாரும் கேட்டோமே. ஆகவே சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாக இட்டு, நுரை அடங்கிக் கபில நிறச் சேறு அடியிற் படிந்தபின், தெளிந்த நீரை வேறாக்கி, சேற்றைக் காயவைத்துப் போத்தலில் அடைத்தான். அந்தப் போத்தல் இன்னும் எங்கள் ஆய்கூடத்து அலுமாரியில் இருக்கின்றது. அதனை யாரிடம் ஒப்படைப்பது என்று அதிபராகிய எனக்கும் தெரியவில்லை.

போட்டியில் அவனுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் பெற்ற கருவியின் பலகை எங்கோ தொழிற்சாலையிற் செய்யப்பட்டது, பச்சை நிறத்தில் மினுமினுத்தது. நடுவர்கள் அதனை விரும்பியதில் எனக்கு மனக்குறை இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. இரு முகத்திலும் கம்பி முனைகள் துருத்திக்கொண்டு, பற்றாசுத் துளிகள் கட்டிகட்டியாக நின்ற எங்கள் பலகை அழகற்றதுதான். அதனைத் தந்தையார் வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய பிஸ்கற் பேணியில் அடைத்து, இறைப்பு இயந்திரக் கொட்டிலிலே தொங்கவிட்டார். சென்ற ஆவணியில் நான் அவ்வழியாற் போனபோது கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தேன். பேணியின் மூடி துருவேறியிருந்தது. உள்ளே எண் தெரிந்தது. அன்று காலை அந்த எண் ஏறியிருந்தபடியால், அவர் இறைப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தார்.